பேசாத கடைசிப் பக்கம்

"என் தங்கச்சிதான் செஞ்சாள்னு நீங்க சொல்லிட்டா நான் அழுதுட்டுப் போயிடுவேன். இல்லைன்னு சொன்னா ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். ரெண்டுல ஒண்ணு இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள தெரியணும்மா."

சனிக்கிழமை காலையில் இப்படிச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தவர் காமிக்ஸ் கடைக்காரம்மா. மடித்துக்கொண்டிருந்த துணியை ஓரமாக வைத்துவிட்டு இன்சூரன்ஸ் அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். தீப்பிடித்த கடை, காணாமல் போன நகை என்று முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தோண்டித் துருவியவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. கூடவே ஒட்டிக்கொண்டவர் அவருடைய கொழுந்தன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். வழக்கு என்று காதில் விழுந்தால் போதும், பாடம் படிக்க வந்தவரை நடுத்தெருவில் இறக்கிவிட்டு ஓடி வந்துவிடுவார்.

"முதல்லேருந்து சொல்லுங்க" என்றார் இன்சூரன்ஸ் அம்மா.

"கடையில ஒரு பலகை இருக்கு. புது இதழ் படிச்சவங்க சின்ன அட்டையில கருத்தை எழுதி அதுல குத்திட்டுப் போவாங்க. சனிக்கிழமை கூடி, அதை வெச்சு அடிச்சுக்குவாங்க. 'வெண்கலச் சிறகு' வந்ததிலிருந்து சண்டை ஜாஸ்தி. கதாநாயகி பொண்ணு, எழுதி வரையறதும் ஒரு பொண்ணு. பாதிப் பேர் தலையில தூக்கி வெச்சு ஆடுறாங்க. மீதிப் பேர் தூக்கிப் போட்டு மிதிக்கிறாங்க."

ஆறாவது இதழ் அன்று மாலை நான்கு மணிக்குத்தான் வெளியாக வேண்டும். பெட்டி செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. அதுவரை கடைக்காரம்மாவே அதைப் பிரிக்கக் கூடாது. ஆனால் புதன்கிழமை மத்தியானம் பலகையில் ஓர் அட்டை இருந்தது. கையெழுத்து இல்லை, கம்ப்யூட்டரில் அச்சடித்தது. கடைக்காரம்மா அதை எடுத்து நீட்டினார்.

"ஆறாவது இதழின் கடைசிப் பக்கம்: சொந்த அக்காவே சிறகுக்காரியைக் காவலர்களிடம் காட்டிக்கொடுக்கிறாள். முகமூடி கழன்று, சிறகு ஒடிந்து, மழையில் நிற்கிறாள். பக்கம் முழுக்க ஒரு வார்த்தை கிடையாது. பெண்ணைக் கதாநாயகி ஆக்கினார்கள். பேச வாய் கொடுக்கவில்லை. வாங்காதீர்கள்."

"இதை யாரோ படம் பிடிச்சு ஊர் பூரா அனுப்பிட்டாங்க. கம்பெனியோட விற்பனை மேனேஜர் போன்ல கத்துறார். பெட்டியைப் பிரிச்சது யாருன்னு இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லலைன்னா இனி புத்தகமே அனுப்ப மாட்டாங்களாம். அது இல்லைன்னா கடையே இல்லை."

"தங்கச்சி மேல ஏன் சந்தேகம்?"

"சாவி எங்க ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. பெட்டியில புதுசா டேப் ஒட்டியிருக்கு. நான் ஒட்டலை."

"அவளைக் கேட்டீங்களா?"

கடைக்காரம்மா தரையைப் பார்த்தார். "எட்டு வருஷமா ஒரே வீடு, ஒரே கடை. வாயைத் திறந்து எப்படிம்மா கேக்கறது? ஒருவேளை ஒரு புத்தகத்தை எடுத்து வெச்சிருக்காளோன்னு... அவ கைப்பையை மட்டும் ஒரு தடவை பாத்தேன். அதுல ஒண்ணும் இல்லை. அதுலேருந்து அவ என்கூடப் பேசறதில்லை."

"அண்ணி, டேப் புதுசு, சாவி ரெண்டு. வழக்கு முடிஞ்சுது!" என்று அதற்குள் ஓடி வந்திருந்த கொழுந்தன் துள்ளினார்.

"தம்பி, பிரேக்குன்னு ஒண்ணு இருக்கு. அதையும் கொஞ்சம் மிதிங்க."

மூன்று மணிக்கு அண்ணியும் கொழுந்தனும் கடைக்குப் போனார்கள். பிளாஸ்டிக் உறை போட்ட இதழ்கள் சுவர் முழுக்க நின்றன. கல்லாவுக்குப் பின்னால், அந்தப் பெட்டி. வாசலை ஒட்டிப் பலகை. யார் வேண்டுமானாலும் வந்து குத்திவிட்டுப் போகலாம். இன்சூரன்ஸ் அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய அட்டைகளை ஒன்று விடாமல் படித்தார். கொழுந்தனுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்ன அண்ணி, பரீட்சைக்கா படிக்கிறீங்க?"

"எல்லாரும் ஒரு காரியம் பண்றாங்க, பாத்தீங்களா? புகழ்ந்தாலும் திட்டினாலும், கதையிலிருந்து ஒரு வசனத்தை அப்படியே எடுத்து எழுதிட்டுத்தான் ஆரம்பிக்கிறாங்க."

"அது இந்தக் கூட்டத்தோட வழக்கம்" என்றாள் கடைக்காரம்மாவின் தங்கை. கண்கள் வீங்கியிருந்தன, குரல் மட்டும் நிமிர்ந்திருந்தது. "வசனம் எழுதாத அட்டையை, இங்க வர்ற கணக்கு வாத்தியார் கிழிச்சே போட்டுடுவார்."

"பெட்டியில டேப் ஒட்டினது யாரும்மா?"

"நான்தான்."

கொழுந்தன் 'பார்த்தீங்களா' என்று புருவத்தைத் தூக்கினார்.

"மழையில நனைஞ்சு அடி பிளந்து வந்தது. கொண்டுவந்தவர் நிக்கும்போதே ஒட்டினேன். 'ஈரம்'னு ரசீதுல எழுதி வாங்கினேன். இந்த டிராயர்லதான் இருக்கு." ரசீது இருந்தது.

"அக்காகிட்ட சொல்லலையா?"

"கேட்டாத்தானே சொல்றதுக்கு?"

கொழுந்தன் காதோடு சொன்னார்: "ஒட்டறப்போ எட்டிப் பாத்திருக்கலாமே அண்ணி." அது தப்பான சந்தேகம் என்று சொல்ல அப்போது இன்சூரன்ஸ் அம்மாவிடமும் ஆதாரம் இல்லை. புதன்கிழமை காலையில் யார் யார் வந்தார்கள் என்று மட்டும் கேட்டார். மூன்று பேர். மூவருமே பெட்டி வந்துவிட்டதா என்று விசாரித்தவர்கள்.

மூவரும் மூன்றரைக்கு வந்து சேர்ந்தார்கள். உள்ளே நுழையும்போதே சண்டைதான்.

"சட்டி தூக்க வேண்டிய கையில சம்மட்டியைக் கொடுத்தா கதை எங்க உருப்படும்?" என்றார் கணக்கு வாத்தியார்.

"உங்க வீட்டுச் சட்டியை நீங்க தூக்குங்க சார், உடம்புக்கும் நல்லது" என்றார் நர்ஸம்மா. "ஏழு வருஷம் ஆம்பளை வீரன் மாடியிலிருந்து மாடிக்குத் தாவினான், நீங்க கேள்வி கேட்டீங்களா? இவ ஒரு தடவை அழுதா போதும், உடனே கதை சரியில்லை!"

மூன்றாமவர் சிரித்தார். அவரை எல்லாரும் 'சாயம்' என்றுதான் கூப்பிடுவார்கள். 'வெண்கலச் சிறகு' படங்களுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வண்ணம் போடுகிறவர்.

"உங்களுக்குக் கதை முன்னாடியே தெரிஞ்சிருக்குமே?" என்று கொழுந்தன் பாய்ந்தார்.

"தெரிஞ்ச கதையை நானே ஏங்க கெடுக்கப் போறேன்? என் சோறு அதுல இருக்கு. அட்டையில இருக்கறது சுத்த வெறுப்பு." சாயம் வாத்தியார் பக்கம் லேசாகப் பார்த்தார். "எனக்குப் படம் மட்டும்தான் வரும். வசனத்தை ஒட்டறவர் வேற எங்கயோ இருக்கார், அவர் முகத்தைக்கூட நான் பாத்ததில்லை."

வாத்தியாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "திட்டினா என் பேரைப் போட்டுத் திட்டுவேன்! மொட்டைக் கடுதாசி எழுத எனக்கென்ன பயமா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும் திரும்பிக்கொள்வதுமாக அரை மணி நேரம் போயிற்று. அக்காவும் தங்கையும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.

நான்கு அடித்ததும் இன்சூரன்ஸ் அம்மா பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். நாற்பது பிரதிகள், நாற்பதும் உறையோடு இருந்தன. ஆளுக்கொன்று கொடுத்தார்.

"கடைசிப் பக்கத்தைப் பாருங்க."

காகிதம் புரளும் சத்தம். அடுத்த நொடி ஓர் அலறல்.

"அடப் பாவிகளா! என் மழை மேலயா எழுதினாங்க?"

சாயம்தான். புத்தகத்தை முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்திருந்தார். கறுத்த மழையின் அடியில், வசனத்துக்கான கட்டம் வட்டம் எதுவும் இல்லாமல், வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது.

"இதுல வசனம் இருக்கே!" என்றார் கொழுந்தன். "அட்டையில ஒரு வார்த்தை கிடையாதுன்னு இல்ல போட்டிருக்கு?"

"அதேதான் தம்பி. மத்த அட்டை எல்லாத்துலயும் ஒரு வசனம் இருக்க, இதுல மட்டும் இல்லை. எழுதினவருக்கு ஒரு வசனமும் தெரியாதோன்னு அப்பவே தோணுச்சு. புத்தகம் பிரியாம அதை நிரூபிக்க முடியலை." இன்சூரன்ஸ் அம்மா குரலை உயர்த்தவில்லை. "பெட்டியைத் திறந்து பாத்தவங்க இந்த வரியையும் பாத்திருப்பாங்க. அதனால அட்டை இந்தப் பெட்டியிலிருந்து வரலை. வசனம் ஒட்டறதுக்கு முன்னாடி பக்கத்தைப் பாத்தவர் எழுதினது. வரைஞ்ச பொண்ணுக்குத் தன் வரி தெரியும். ஒட்டினவருக்கு அதுதான் வேலை. அச்சடிச்சவங்க வரியோடதான் பாத்தாங்க. ஊமைப் பக்கத்தை மட்டும் பாத்துட்டு, முடிஞ்ச பக்கத்தைப் பாக்காதவர் ஒரே ஒருத்தர். இப்பத்தான் முதல் தடவையா பாத்து அலறினார்."

"மேனேஜருக்கு இது தோணலையா?" என்றார் நர்ஸம்மா.

"அவர் புத்தகத்தை எண்ணுறவர், படிக்கிறவர் இல்லை."

சாயம் நாற்காலியில் சரிந்தார். கொஞ்ச நேரம் மறுக்கலாமா என்று பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். "மத்தப் பக்கத்துல வசனத்துக்குக் காலி வட்டம் விட்டிருப்பாங்க. இதுல விடலை. பேச்சே இல்லாத பக்கம்னு நினைச்சு ஒன்பது நாள் உக்காந்து மழை போட்டேன். திங்கட்கிழமை போன் வருது, ஏழாவது இதழுக்கு வண்ணம் போட வேற ஆளாம்." அவர் பலகையைக் காட்டினார். "இத்தனை அட்டை எழுதினீங்களே. வண்ணம் நல்லாருக்குன்னு ஒருத்தராவது எழுதினீங்களா? பெட்டி வந்தாச்சுன்னு தெரிஞ்சதும், பழி அது மேல போகும்னு குத்திட்டேன்."

"வயித்தெரிச்சலுக்கு அந்தப் பொண்ணோட புத்தகம்தான் கிடைச்சுதா?" என்றார் நர்ஸம்மா. வாத்தியார் பலகையில் தன் அட்டைகளைத் தேடிப் படித்துவிட்டு உட்கார்ந்தார்.

கொழுந்தன் மேனேஜருக்குப் போன் போட்டு, சாயத்தின் வாயாலேயே சொல்ல வைத்தார். ஐந்து மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கடை தப்பித்தது.

கடைக்காரம்மா மட்டும் அசையவில்லை. கையில் புத்தகம் விரிந்தபடி இருந்தது.

"அந்த வரியைக் கொஞ்சம் படிங்க. நான் கண்ணாடியைக் கழட்டிட்டேன்" என்றார் இன்சூரன்ஸ் அம்மா.

கடைக்காரம்மா படிக்கத் தொடங்கினார். "'என்னை ஒரு வார்த்தை...'" படிப்பதை நிறுத்திவிட்டுப் புத்தகத்தைத் தங்கையின் பக்கம் திருப்பினார். மூன்று நாளாக அக்காவிடம் மூடியிருந்த தங்கையின் வாய்தான் முழு வரியையும் சொன்னது.

"'என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அக்கா.'"

கடைக்காரம்மா அழுதேவிட்டார். தங்கை தன் கைப்பையை எடுத்து, ஜிப்பைத் திறந்து அக்காவின் முன்னால் கல்லாமேல் வைத்தாள்.

"இன்னொரு தடவை பாத்துக்கோ."

"வேணாம்டி." கடைக்காரம்மா ஜிப்பை மூடினார். "கேக்கறேன். இப்பக் கேக்கறேன். அந்த டேப்பை யாரு ஒட்டினது?"

தங்கை அக்காவைப் பார்த்தாள். வெளியே புத்தகத்துக்காக வரிசை நிற்கத் தொடங்கியிருந்தது.

"நான்தான்க்கா" என்றாள். "மழையில நனைஞ்சு வந்தது."