ஓட்டத்துக்கு ஒரு சோடி

"வாரேன் ஜீவி, இரு!" என்று சகாயசெல்வி ஜன்னல் வழியே சந்துக்குக் குரல் கொடுத்தாள். உடனே வெளியே கம்பிக்கதவின் கொக்கி மெல்லத் தூக்கப்பட்டு, மெல்லவே திரும்ப வைக்கப்படும் சத்தம் கேட்டது.

பல் துலக்கிக்கொண்டிருந்தவள் பிரஷ்ஷை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். சந்தில் ஜீவிதா கிடையாது. ஒன்பது நாளாகவே கிடையாது.

விஷயம் இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை செல்விக்குப் பெண் போலீஸ் உடல்தகுதித் தேர்வு. எழுத்துப் பரீட்சையைத் தாண்டியாகிவிட்டது. நானூறு மீட்டர் ஓட்டத்தில் மட்டும் இன்னும் மூன்று விநாடி இடித்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை விட்டால் வயது தாண்டிவிடும், அப்புறம் அம்மாவைப் போல ஆயுசுக்கும் நூல் மில்தான். விடிந்தபிறகு ஓடலாமென்றால் சாணார்பட்டி ரோட்டில் லாரியும் காய்கறி வேனும் ஆளை ஓரம் நிற்கக்கூட விடாது, ஆகவே ஓட்டம் காலை நாலரைக்கு. அம்மா செபாஸ்தியம்மாள் அதற்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். சோடி இல்லாமல் வாசல்படி தாண்டக்கூடாது. அடுத்த தெரு ஜீவிதாவும் அதே தேர்வுக்குத் தயாரானவள் என்பதால் இரண்டு மாதம் நல்லபடியாகப் போயிற்று. பிறகு அவளைப் பெண்பார்க்க வருகிறார்கள் என்று கொடைரோட்டில் சித்தி வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். நிச்சயமாகும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று செல்வியிடம் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டு போனாள் அந்த மகராசி.

அம்மாவிடம் சொன்னால் ஓட்டம் அன்றோடு நின்றுவிடும். செல்வி சொல்லவில்லை. அம்மாவுக்கு அப்போதுதான் வலதுகண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. பச்சைத்துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு நடுவீட்டுக் கட்டிலிலேயே கிடந்தாள். இடதுகண்ணும் பேருக்குத்தான். காதை ஏமாற்றினால் போதும். எனவே செல்வி தினமும் ஆளில்லாத சந்தைப் பார்த்துப் பேசினாள். ஜீவிதா பதில் சொல்வதற்கு இடைவெளி விட்டுவிட்டுப் பேசினாள். நம்பும்படி இருக்கவேண்டுமே என்று சில்லறை விவரங்களையும் சேர்த்துக்கொண்டாள். மூன்றாம் நாள், "ஏன்டி இருமுற, சளியா?" என்றாள். ஐந்தாம் நாள், "கால இழுத்து இழுத்து நடக்குறியே, சுளுக்கிக்கிச்சா?" என்றாள். ஏழாம் நாளோ, "இந்தப் பனியில தலைக்கு ஊத்திட்டா வந்த? சொட்டச் சொட்ட நிக்கிறியேடி!" என்று அதட்டவே செய்தாள். சும்மா சொல்லக்கூடாது, தன் சாமர்த்தியத்தில் அவளுக்கே கொஞ்சம் பெருமை இருந்தது.

இப்போது கொக்கியில் சத்தம்.

நாயாக இருக்கும் என்று நினைத்தாள். நாய் கொக்கியைத் தூக்கித் திரும்ப வைக்குமா? காற்றாக இருக்கும். ஆனால் முற்றத்துக் கொடியில் கிடந்த துண்டுகூட அசையவில்லை. காற்றே இல்லாமல் ஒரு வாடை மட்டும் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நிதானமாக உள்ளே வந்தது. தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நாட்கணக்கில் ஊறிக்கிடக்கும் தோலின் வாடை. காற்று அந்தப் பக்கமிருந்து வேகமாக அடிக்கும் நாட்களில் எப்போதாவது வருவதுதான், புதிதில்லை. அதைச் சொல்லித் தேற்றிக்கொண்டு பின்பக்கம் போய் வாய் கொப்பளித்தாள், சடையை மடித்துக் கட்டினாள், தம்பி விட்டுப்போன டிராக் பேண்டுக்கு மேல் சுடிதார் டாப்பை மாட்டிக்கொண்டு, பூஜ்ஜியம் வாட் பல்பின் மங்கல் வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து வலதுகால் ஷூவை இழுத்து மாட்டி நாடாவை முடிந்தாள்.

"செல்வி," என்றாள் அம்மா கட்டிலிலிருந்து. "அந்தப் புள்ளைய எம்புட்டு நேரம்டி நிக்க வைப்ப? செத்த சீக்கிரம் வான்னு கூப்புடுறால்ல, காதுல விழுகலையா?"

செல்வியின் காதில் எதுவும் விழுந்திருக்கவில்லை.

"யாரும்மா?"

"யாரா? நல்லாக் கேட்ட போ. ஜீவிதாதேன்."

நாடாவைப் பிடித்த விரல்கள் அப்படியே நின்றன. நேற்றுச் சாயங்காலம்தான் முக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து கொடைரோட்டுக்குப் பேசியிருந்தாள். நாளைக்கு நிச்சயம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள் ஜீவிதா, மருதாணி கலைந்துவிடும் என்று ரிசீவரைச் சித்தி மகள்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் மனசு இருக்கிறதே, அது ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. ராத்திரியோடு ராத்திரி சண்டை போட்டுக்கொண்டு ரயிலேறி வந்திருப்பாளோ? போலீஸ் வேலைதான் வேண்டும், கல்யாணம் வேண்டாம் என்று சொல்லக்கூடியவள்தான் அவள். அட பாவி, வந்துட்டியா! செல்விக்கு அழுகையே வரும்போல் இருந்தது. இத்தனை நாள் தனியாக ஓடிய பயமெல்லாம் ஒரேயடியாக இறங்கியதில், ஒருகால் ஷூவோடு நொண்டிக்கொண்டே ஜன்னலுக்கு ஓடினாள்.

கம்பிக்கதவுக்கு வெளியே ஒருத்தி நின்றாள்.

முக்குத் தெருவிளக்கு அவள் முதுகுக்குப் பின்னால் எரிந்ததால் முகம் கறுப்பாக இருந்தது. ஜீவிதாவின் உயரம், ஜீவிதாவைப் போலவே மடித்துக் கட்டிய சடை, இரண்டு கைகளும் உடம்போடு ஒட்டித் தொங்கின. செல்வி கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் அந்த உருவம் இருமியது. இரண்டே இரண்டு இருமல், காய்ந்த இருமல்.

ஏன்டி இருமுற, சளியா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் செல்விக்கு நினைவு வந்தது. அதை ஏற்கெனவே கேட்டாயிற்று. மூன்றாம் நாள். யாருமில்லாத சந்திடம்.

உருவம் கம்பிக்கதவை ஒட்டி ஓரடி நகர்ந்தது. ஒருகால் வைத்தது. மறுகாலை இழுத்தது.

வேண்டாம், என்று மனசுக்குள் சொன்னாள் செல்வி. அது மட்டும் வேண்டாம் மாதாவே.

சாக்கடை மேல் போட்ட சிமெண்டுப் பலகையில் சத்தம் கேட்டது. சொட். கொஞ்சம் பொறுத்து, சொட். அவள் தலையிலிருந்து.

செல்வி ஜன்னலைச் சாத்தினாள். கொண்டி போட்டாள். சிலுவை போட்டுக்கொண்டாள், பாதியில் எந்தத் தோள் முதலில் என்று மறந்துபோயிற்று. வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். வெள்ளிக்கிழமை வந்தால் வரட்டும், மில்லுக்கே போய்க்கொள்ளலாம். விடியும்வரை அம்மாவின் காலடியில் சுருண்டு கிடந்தால் போதும். கட்டிலுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றப் பார்த்தாள். முடிச்சு அவிழவில்லை.

"அம்மா, இன்னைக்கு நான் போகல."

செபாஸ்தியம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். "ஏன்? என்னத்துக்கு?"

"வயிறு வலிக்குது."

"வயிறும் வலிக்கல, ஒண்ணும் வலிக்கல. இன்னும் நாலு நாளு. இந்தக் கண்ண வச்சுக்கிட்டு நான் இனிமே மில்லுல நிக்க முடியுமா? ஒனக்கு ஒரு வேல அமைஞ்சிரணுமுன்னு படுக்கையிலயும் செபமால உருட்டிக்கிட்டு கெடக்கேன். நீ என்னடான்னா சாக்குச் சொல்ற. அவ அம்புட்டுத் தூரம் வந்து நிக்கிறா!"

"அம்மா, அது ஜீவிதா இல்லம்மா." குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "ஜீவிதா ஊருலயே இல்ல. கொடைரோட்டுல இருக்கா. ஒம்பது நாளா நான் தனியாத்தான் ஓடுனேன். நீ விடமாட்டேன்னு, நானே அவகூடப் பேசுற மாதிரி பேசுனேன். எல்லாம் பொய்யிம்மா. அங்க யாருமே கெடயாது."

சொல்லிவிட்டாள். அடி விழுந்தாலும் சரி. அம்மா கத்தட்டும், அக்கம்பக்கம் விளக்குப் போடட்டும், நாலு பேர் வந்து பார்க்கட்டும். அவள் அதற்காகத்தான் காத்திருந்தாள். அம்மா கத்தவில்லை. குழந்தையிடம் பேசுவதுபோல் அவள் தலையைத் தடவினாள்.

"பயந்துட்டியா? பரிச்ச பயம் இப்பிடித்தான் பேசச் சொல்லும். ஒம்பது நாளா ரெண்டு பேரு பேசுறதயும்தானடி நான் கேட்டுக்கிட்டு கெடக்கேன்."

"ரெண்டு பேரா?"

"நீ சளியான்னு கேட்ட. ஆமான்னா. காலு சுளுக்கான்னு கேட்ட, அதுக்கும் ஆமான்னா. நீ என்ன கேட்டாலும் ஆமா ஆமாங்குறா, தங்கமான புள்ள. முந்தாநாளு நீ தண்ணி புடிக்கப் போயிருந்தப்ப உள்ள வந்து, இந்தா, நீ இருக்குற இதே எடத்துல உக்காந்து, கண்ணு எப்பிடிம்மா இருக்குன்னு என் கையப் புடிச்சா. கை என்னா சில்லு! ஏன்த்தா பனியில நிக்கிறன்னு நான்கூட வஞ்சேன்."

செல்வி உட்கார்ந்திருந்த தரை ஈரமாக இருந்தது. இவ்வளவு நேரம் அது உறைக்கவில்லை. சுண்ணாம்பு வாடை அங்கிருந்துதான் வந்தது.

அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். மில்லில் இருபது வருஷம் வேலை பார்த்த கை அது, மகளின் மணிக்கட்டைப் பற்றித் தூக்கி நிறுத்த அதற்குச் சிரமமே இல்லை. செல்வி கட்டில் காலைப் பிடித்தாள். பிடி நழுவியது. கதவு நிலையைப் பிடித்தாள். அம்மா செல்லமாக அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். பூட்டு திறந்தது. தாழ்ப்பாள் விலகியது. செல்வியின் ஷூ மாட்டாத கால் வெறுங்காலாகவே குளிர்ந்த படியில் இறங்கியது.

வாடை. இருமல். சொட். சொட்.

முகத்தைப் பார்க்கக்கூடாது என்று செல்வி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

அம்மா அவள் கையைக் கம்பிக்கதவுக்கு மேலாக நீட்டிக் கொடுத்தாள். "இந்தா தாயி, நீ புடிச்சுக்க. இருட்டுன்னா பயப்படுறா. ஒன்ன நம்பித்தான் அனுப்புறேன்."

ஈரமான விரல்கள். ஒவ்வொன்றாக மடிந்தன. மணிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றி முடித்து, அதற்கு மேலும் மடிந்தன.

செல்வி கத்துவதற்கு வாயைத் திறந்தாள். மூச்சு மட்டும்தான் வந்தது. செல்வியின் குரலேதான், ஆனால் கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கொஞ்சமும் பதற்றமில்லாமல் கேட்டது.

"போயிட்டு வாரேம்மா."

"சரித்தா, பாத்து ஓடுங்க ரெண்டு பேரும்," என்று சொல்லிவிட்டு, செபாஸ்தியம்மாள் சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.