நுஸ்ஹாவுக்குச் சொன்ன வரவு

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது வந்து ஏற்றிக்கொள்வதாக ஆகிலாவிடம் சொல்லிவிட்டு அவள் கணவன் இஹ்ஸான் மோட்டார் சைக்கிளைத் திருப்பினான். பின்னால் இருந்த மகள் மின்ஹாவுக்கு ஏழு வயது. உம்மா இல்லாமல் ஒரு மணித்தியாலம்கூட எங்கும் இருந்து பழகாதவள். தெருமுனை திரும்பும்வரை அவள் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள். ஆகிலா கையசைத்துக்கொண்டே நின்றாள்.

சம்மாந்துறையிலிருந்து வரும் வழியில் உழவு இயந்திரங்கள் வரிசையாகப் போனதில் அரை மணித்தியாலம் பிந்திவிட்டது. மார்கழி மழை சற்று ஓய்ந்திருந்தது. தெருவின் அடுத்த முனையில் கடல் தெரியவில்லை, ஆனால் கேட்டது. இந்தத் தெருவுக்கு ஆகிலா கடைசியாக வந்து இருபது வருடங்கள் ஆகியிருந்தன.

வாட்ஸ்அப்பில் அவர்களுடைய உயர்தர வகுப்புக்கு ஒரு குழு இருந்தது. அதைத் தொடங்கியவள் நப்லா, அந்தக் காலத்து வகுப்பு மொனிட்டர். வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ முடிந்ததும் அவள் ஏதாவது ஒரு பழைய ஞாபகத்தைப் போடுவாள். விஞ்ஞான அறைக்குள் ஆடு புகுந்த நாள், மழைக்குக் கூரை ஒழுகி எல்லோரும் மேசைக்குக் கீழே இருந்து படித்த நாள். டோஹாவிலிருந்து ஒருத்தி தொடர்வாள், லண்டனிலிருந்து இன்னொருத்தி முடிப்பாள். ஆளுக்கொரு துண்டாக ஞாபகத்தை ஒட்டி முழுதாக்கிவிட்டுத்தான் ஓய்வார்கள்.

ஆகிலா அங்கே அதிகம் எழுதுவதில்லை. நுஸ்ஹாவின் பெயர் வரும் நாட்களில் போனையே கவிழ்த்து வைத்துவிடுவாள்.

நுஸ்ஹா அவளுக்குப் பக்கத்து இருக்கை. காலையில் உம்மா சுடும் அப்பத்தைக் கடைகளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் நுஸ்ஹா பள்ளிக்கூடம் வருவாள். அதனால் டீச்சர் வரவு இடாப்பில் பெயர் கூப்பிடும்போது பாதி நாட்கள் அவள் இருக்கமாட்டாள். ஆகிலா தன் பெயருக்கு ஒரு தடவை “பிரசன்ட் டீச்சர்” சொல்வாள். பிறகு தலையைக் குனிந்து, நுஸ்ஹாவின் மெல்லிய குரலில் அவளுக்காகவும் ஒரு தடவை சொல்வாள். ஒன்றரை வருடம் அப்படியே ஓடியது. டீச்சர் தலையை நிமிர்த்திப் பார்த்ததேயில்லை.

நுஸ்ஹா அதைத் திருப்பிச் செய்தது ஒரே ஒரு நாள்தான்.

இந்தத் தெருவில் அப்போது ஒரு டியூஷன் மண்டபம் இருந்தது. இரண்டு தடவை வராதவர்களைப் படிப்பிக்கும் சேர் நிறுத்திவிடுவார். ஆகிலா ஏற்கெனவே ஒரு தடவை போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சம்மாந்துறையில் மாமி வீட்டுக் கல்யாணம். சனிக்கிழமை பின்னேரம் நுஸ்ஹாவின் வீட்டுக்குப் போய், எனக்காக ஒரு நாளைக்கு மட்டும் சொல்லு என்று கேட்டாள். நாளைக்கு நானே போறதா இல்லையே என்றாள் நுஸ்ஹா. பிறகு ஆகிலாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்து, சரி போறன் என்றாள்.

அந்த ஞாயிறு காலையில்தான் கடல் வந்தது.

நுஸ்ஹாவின் மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. கபன் துணியில் சுற்ற முடியவில்லை, முன்னால் வைத்துத் தொழ முடியவில்லை. அவள் ஏன் அன்று அங்கே போனாள் என்று அவளுடைய உம்மா கடைசிவரை எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆகிலாவுக்கு மட்டும் விடை தெரியும். அதை அவள் இஹ்ஸானிடம்கூடச் சொன்னதில்லை.

இன்றைக்கு அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள்.

வகுப்புத் தோழிகளின் ஒன்றுகூடல் நடந்த வீடு நப்லாவுக்குச் சீதனமாகக் கிடைத்தது. கடல் வந்துபோன பிறகு திருத்திக் கட்டியிருந்தும் யாரும் அங்கே குடியிருக்கவில்லை. நப்லா குடும்பத்தோடு டவுன் பக்கம் இருந்தாள். விறாந்தைக்கு இரும்புக் கம்பிக் கதவு, ஜன்னல்களுக்கும் கம்பி. சுவர் ஓரங்களில் உப்புப் பூத்து நிறம் உரிந்திருந்தது.

ஆகிலா செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சிரிப்பொலி கேட்டது. விளையாட்டுக்கு இடாப்புக் கூப்பிடப் போவதாக நப்லா குழுவில் எழுதியிருந்தாள். கடலோடு போனவர்களின் பெயர்களை மட்டும் கூப்பிடப்போவதில்லை, மனசு தாங்காது என்றும் எழுதியிருந்தாள்.

“இரண்டாம் இலக்கம். ஆகிலா,” என்றாள் உள்ளே நப்லா, டீச்சரின் குரலில்.

“பிரசன்ட் டீச்சர்.”

யாரோ அவளுக்காகச் சொல்லிவிட்டார்கள். வாசலில் நின்ற ஆகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. பழைய பழக்கம் யாருக்கும் விட்டுப்போகவில்லை.

ஹோலில் ஏழெட்டுப் பேர் பிளாஸ்டிக் கதிரைகளில் வகுப்பறை போல வரிசையாக இருந்தார்கள். பாண்டிருப்பிலிருந்து வந்திருந்த றெஜிதா கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் இருத்தினாள். எனக்காக ஆரு சொன்ன என்று ஆகிலா அவள் காதில் கேட்டாள். றெஜிதா உதட்டைப் பிதுக்கினாள்.

பெயர்கள் தொடர்ந்தன. வெளிநாட்டில் இருப்பவர்கள் போனில் குரல் கொடுத்தார்கள். மீண்டும் மழை பிடித்தது. அறை மெல்ல இருண்டது. சேற்றின் வாடை ஒன்று வந்தது. அது மழைச் சேறல்ல. கடல் வற்றிய இடத்தில் எழும் வாடை.

“பதினேழாம் இலக்கம். நுஸ்ஹா.”

ஆகிலா யோசிக்கவில்லை. தலை தானாகக் குனிந்தது. குரல் தானாக மெலிந்தது.

“பிரசன்ட் டீச்சர்.”

சிரிப்பு நின்றது.

நப்லா இடாப்பிலிருந்து மெதுவாக நிமிர்ந்தாள். அவளுடைய முகம் வெளிறியிருந்தது.

“நான் அந்தப் பேரக் கூப்பிடல்லயே,” என்றாள்.

நப்லாவின் கண் அடுத்த பெயரைத் தேடியது. ஆனால் அவளுடைய கை, அவளுக்கே தெரியாதது போல, பதினேழாம் வரியில் வந்ததற்கு ஒரு கோடு போட்டது.

பிறகு எல்லாம் முன்னைப்போலவே ஆனது. மீதிப் பெயர்கள் முடிந்தன. வட்டிலப்பம் வந்தது. பிளேன்டீ வந்தது. கதையும் சிரிப்பும் திரும்பிவிட்டன. றெஜிதா ஒரு கோப்பையை ஆகிலாவின் கையில் வைத்தாள்.

“ஒனக்குச் சீனி கூடத்தானே, நுஸ்ஹா.”

“என்னகா சொல்லுறாய்?”

“ஏன், இப்ப குறைச்சிட்டியா?” றெஜிதா சாதாரணமாகக் கேட்டுவிட்டு மற்றப் பக்கம் திரும்பினாள்.

பகிடி என்று ஆகிலா நினைத்தாள். எல்லோரும் சேர்ந்து செய்யும் பகிடி. ஆனால் முன்வரிசையில் இருந்தவள், அப்பக் கூடையோடு வகுப்புக்குள் வந்துநின்ற நாளைச் சொல்லி, ஞாபகமா நுஸ்ஹா என்றாள். இன்னொருத்தி, அன்றைக்கு மிஞ்சிய அப்பத்தை நீதானே எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தாய் என்றாள். அவர்கள் கண்களில் பகிடி இருக்கவில்லை. அன்பு இருந்தது. அவர்கள் சொல்லச் சொல்ல, அந்தக் கூடையின் பிடி தன் உள்ளங்கையை அறுத்த இடம் ஆகிலாவுக்கு வலித்தது.

அவள் கூடை சுமந்ததேயில்லை.

சொல்ல வந்ததை இப்போதே சொல்லிவிட்டு எழும்ப வேண்டும். எழுந்து நின்றாள்.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. அந்த ஞாயிற்றுக்கிழம ஒரு விசயம் நடந்த. நான் இதுவரைக்கும் ஆருக்கும் சொல்லல்ல.” முன்னால் இருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டாள். “சனிக்கிழம பின்னேரம் ஆகிலா எங்கட வீட்ட வந்தாள். எனக்காக ஒரு நாளைக்கு மட்டும் சொல்லு எண்டாள்.”

தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டு நின்றாள்.

அப்படிச் சொல்ல நினைக்கவில்லை. மாற்றிச் சொல்ல முயன்றாள். நாக்கு புரளவில்லை. டியூஷன் மண்டபத்தின் கம்பி ஜன்னல் கண்முன் வந்தது. கதவை நோக்கி ஓடியவர்கள், முழங்காலுக்கு வந்து ஒரே மூச்சில் நெஞ்சுக்கு ஏறிய கறுத்த தண்ணீர், மேசைகள் மிதந்து கதவை அடைத்தது, கம்பியைப் பிடித்திருந்த தன் விரல்கள். அன்று காலை சம்மாந்துறையில் மருதாணிக் கையோடு தூங்கிக்கொண்டிருந்தவளுக்கு இவையெல்லாம் எப்படி ஞாபகம் இருக்க முடியும்?

றெஜிதாவின் கண்கள் கலங்கியிருந்தன.

“எங்களுக்குத் தெரியும் புள்ள. நீ அவளுக்காகத்தான் போனாய்.”

“நான்தான் ஆகிலா, றெஜிதா. என்னப் பாருகா.”

றெஜிதா பார்த்தாள். ஆனால் அவளுடைய பார்வை ஆகிலாவின் முகத்தில் தங்காமல், பின்னாலிருந்த சுவருக்குப் போனது.

“பாவம் நுஸ்ஹா,” என்றாள் றெஜிதா, நப்லாவிடம். “என்ன மெல்லிய குரல் அவளுக்கு.”

“அல்லாஹ் அவளப் பொருந்திக்கொள்ளட்டும்,” என்றாள் நப்லா.

ஆகிலா றெஜிதாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். றெஜிதா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். குளிருது என்றாள்.

வெளியே அஸர் பாங்கு கேட்டது.

அதோடு மோட்டார் சைக்கிளின் ஹோர்னும் கேட்டது. இரண்டு தடவை நீளமாக, ஒரு தடவை சுருக்கமாக. இஹ்ஸானின் வழக்கம்.

அவளுக்கு உயிர் வந்தது. கதவை நோக்கி ஓடினாள்.

அப்போதுதான் கடைசி வரிசையில் இருந்தவளைக் கண்டாள்.

ஆகிலாவினுடையதைப் போன்ற கடுநீல அபாயா. ஆகிலாவின் கைப்பையே மடியில். அவ்வளவு நேரமும் அங்கே ஒருத்தி இருந்தாள் என்பது ஏன் தன் கண்ணில் படவில்லை என்று ஆகிலாவுக்கு விளங்கவில்லை. அந்தப் பெண் அவசரமில்லாமல் எழும்பினாள். எல்லோருக்கும் சலாம் சொன்னாள். எல்லோரும் பதில் சொன்னார்கள்.

“என்ன ஆகிலா, இப்பவே போறாய்?” என்று நப்லா கேட்டாள்.

“புள்ள காத்திட்டு இரிக்கிறா,” என்றாள் அவள்.

ஆகிலா வாசலுக்கு முந்தினாள். நிலையைத் தாண்ட முடியவில்லை. அங்கே கதவு சாத்தியிருக்கவில்லை, யாரும் மறிக்கவில்லை. ஆனால் நெஞ்சளவு தண்ணீருக்குள் நடப்பது போல, வைத்த கால் வைத்த இடத்துக்கே திரும்பியது. அந்தப் பெண் பக்கத்தால் கடந்து போனாள். போகும்போது ஒரு கணம் நின்று, ஆகிலாவின் கன்னத்தை ஈரமான விரல்களால் தொட்டாள்.

“ஒரு நாளைக்கு மட்டும்தான்கா,” என்று காதோடு சொன்னாள்.

அதில் கோபமில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆகிலா கத்தினாள். இஹ்ஸானின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். மின்ஹாவின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். மழை பெய்துகொண்டிருந்தது. இஹ்ஸான் தன் மழைக்கோட்டைக் கழற்றி அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தான். மின்ஹா இறங்கி ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். முகத்தை உயர்த்தி ஏதோ சொன்னாள். அவள் குனிந்து கேட்டுச் சிரித்தாள்.

மூன்று பேரும் போனார்கள்.

மின்ஹா இந்தத் தடவை திரும்பிப் பார்க்கவில்லை.

மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஆகிலா ஒவ்வொருத்தியின் முன்னாலும் நின்று பார்த்தாள். கடைசியில் நப்லா ஜன்னல்களைச் சாத்தி, கம்பிக் கதவுக்குப் பூட்டுப் போட்டாள். வெளிவாசல் படலையடியில் றெஜிதா ஒரு தடவை நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்ன?” என்று நப்லா கேட்டாள்.

“ஒண்டுமில்ல. நுஸ்ஹாட ஞாபகம் வந்திட்டு.”

இருவரும் குடையை விரித்துக்கொண்டு நடந்தார்கள்.

அவள் உடுத்திருந்த அபாயாவின் பைக்குள் போன் இருந்தது. ஆகிலா இஹ்ஸானுக்கு அழைத்தாள். மணி போனது. நுஸ்ஹா அழைத்தால் அவனுடைய வீட்டில் யார் எடுப்பார்கள் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று திடுக்கிட்டாள். தன் பெயரை மூன்று தடவை உரக்கச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் தடவை அது வேறு யாரோ ஒருத்தியின் பெயர் போல இருந்தது.

குழுவைத் திறந்தாள். எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டதாக எழுதிக்கொண்டிருந்தார்கள். நடுவில், வலது பக்கத்தில், அவளே அனுப்பியது போலப் பச்சை நிறத்தில் ஒரு செய்தி இருந்தது.

வந்து சேர்ந்திட்டோம். அல்ஹம்துலில்லாஹ்.

அவள் எழுதவில்லை. அதற்குக் கீழே பத்துப் பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

நான் இஞ்ச நப்லாட வீட்டுக்குள்ள இரிக்கன், வந்து திறங்க என்று எழுதி அனுப்பினாள். செய்தி போனது. அடுத்த கணம் அந்த இடத்தில், இந்தச் செய்தி அழிக்கப்பட்டது என்று வந்தது. மீண்டும் எழுதினாள். மீண்டும் அழிந்தது. ஐந்தாம் தடவை எழுதும்போது, என்ன ஆகிலா அழிச்சு அழிச்சு எழுதுறாய் என்று டோஹாக்காரி சிரித்துப் போட்டாள்.

மின்ஹா வெளாடுறா, என்று வலது பக்கத்தில் பதில் வந்தது.

அந்தியில் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம் போனின் உயிர் நூற்றுக்கு இரண்டு வீதத்துக்கு வந்திருந்தது. அறைக்குள் எதுவும் தெரியவில்லை. கணுக்காலில் குளிர்ந்த தண்ணீர் இருப்பது மட்டும் தெரிந்தது.

அப்போது குழுவில், அவளுடைய வலது பக்கத்தில் ஒரு குரல்பதிவு வந்து விழுந்தது. ஒன்பது செக்கன். பிள்ளை போனை வைத்து விளையாடியதில் தவறுதலாகப் போயிருக்க வேண்டும். ஆகிலா அதைத் தொட்டு, காதோடு அழுத்திக்கொண்டாள்.

“உம்மா,” என்றது மின்ஹாவின் குரல், தூக்கக் கலக்கத்தோடு. “ஒங்கட தலமயிர் ஏன் காயிதே இல்ல?”

பதில் சொன்னது ஆகிலாவின் குரலேதான்.

“காயும் மகள். இனிக் காயும்.”