பாதியில் செத்த அலறல்

"வீ...ஈ...ஈல்ல்ல்!"

ரத்தத்தை உறைய வைக்கும் அலறல்!

மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த லைன்காரரின் கையிலிருந்து டூல் பை நழுவியது. ஸ்க்ரூடிரைவர்கள் ஒவ்வொரு படியையும் நலம் விசாரித்தபடி கீழே உருண்டன.

போன் லைன் ரிப்பேர் என்றுதானே கூப்பிட்டார்கள்? கொலை என்று சொல்லவே இல்லையே!

கதவைத் தள்ளினார்.

சுவரெல்லாம் மெத்தை. நடுவில் ஒரு மைக். மைக்கின் முன்னால் ஒரு பெண்...

உயிரோடுதான் இருந்தாள். இருமி இருமித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. பயந்துட்டீங்களா?"

"நானா? சேச்சே!" என்றார், கதவு நிலையை விடாமல்.

"காலையிலேர்ந்து அஞ்சு தடவை என்னைக் கொன்னுட்டாங்க. ஒரு தடவைகூட ஒழுங்கா சாக முடியலை!"

அவள் டப்பிங் கலைஞர். ஸ்டுடியோ வேறு ஊரில். இந்த அறையில் அவள் பேசுவது ஐ.எஸ்.டி.என். லைன் வழியாக நேரே அங்கே போய்ப் பதிவாகும்.

ஸ்பீக்கர் கரகரத்தது. டைரக்டர்!

"அம்மா, ஆரம்பம் பிரமாதம்! ஆனா பாதியிலேயே டொப்புன்னு நின்னுடுது. நாலு மணிக்குள்ள முழு அலறல் வரலைன்னா வேற ஆளைப் பார்த்துடுவேன்!"

மணி மூன்று பத்து.

"பன்னண்டு வருஷமா வெறும் பிணத்துக்கே குரல் கொடுத்துட்டிருக்கேண்ணே. இப்பத்தான் முதல் தடவையா ஹீரோயின்... இதுவும் போயிடுமா?"

அவள் குரல் லேசாக நடுங்கியது. இது நடிப்பில்லை.

லைன்காரர் களத்தில் இறங்கினார். சுவர்ப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. வயர் இறுக்கம். கடைசி சாக்கெட்டும் சரி. எல்லாமே சுத்தம்.

அதுதான் சந்தேகமாக இருந்தது!

"கத்தும்போது மட்டும்தான் கட்டாகுதாம்மா?"

"ஆமாண்ணே! மெதுவாப் பேசினா ஒரு மணி நேரம்கூடத் தாங்குது."

"கம்பிக்குக் காது கிடையாதேம்மா! இதோ பாருங்க... ஐ.எஸ்.டி.என்.ல கம்பி ஒண்ணுதான். உள்ளே ரெண்டு பாதை. உங்க குரல் ரெண்டையும் பிடிச்சுக்கிட்டுப் போகுது. ஒண்ணு பறிபோனாலும் அறுந்துடும்."

"அந்த ஒண்ணை யாருண்ணே பறிக்கிறது?"

லைன்காரர் லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்தார். திரையில் வரிகள் ஓடின.

ஐந்து அலறல். ஐந்து முறையும் அதே நொடியில், அதே வரி!

'இரண்டாம் பாதை: கீழ் அறை போன்.'

"மாமா!" அவள் பல்லைக் கடித்தாள். "என் மாமனார்தாண்ணே... நாலு மாசமா என்கூடப் பேசறதில்லை. 'வீட்டுக்குள்ள தினம் சாகறதெல்லாம் ஒரு வேலையா'ன்னு கேட்டார். நானும் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம, 'பிடிக்கலைன்னா காதைப் பொத்திக்குங்க'ன்னுட்டேன். அதான் பழி வாங்கறார்!"

லைன்காரர் லேப்டாப்பை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கீழே யார் ரிசீவரை எடுத்தாலும் மேலே ஒரு பாதையை விட்டுக்கொடு... போன மாதம் அந்தப் பெட்டிக்கு இந்தப் புத்தியைச் சொல்லிக்கொடுத்த மகானுபாவர் யார்?

அவரேதான்!

இப்போதைக்கு அதை வெளியில் சொல்லவில்லை. துப்புத் துலக்குகிறவர் நடுவிலேயே குற்றத்தை ஒப்புக்கொள்வது அழகில்லையே!

இருவரும் கீழே இறங்கினார்கள்.

ஜன்னலோர நாற்காலியில் மாமனார். முட்டியில் கட்டு. பக்கத்தில் ஊன்றுகோல். மடியில்... போன்!

மருமகளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தம்பி, அவங்க எதுக்கு வந்திருக்காங்கன்னு கேளுங்க."

"அண்ணே, என் அலறலை ஏன் வேணும்னே வெட்டறார்னு கேளுங்க!"

"நான் யாரையும் வெட்டலைன்னு சொல்லுங்க!"

நடுவில் ஒரே ஆள். ரெண்டு பக்கமும் பேச்சு. ஐ.எஸ்.டி.என். என்றால் என்ன என்று லைன்காரருக்கே அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

"அப்படின்னா அஞ்சு தடவையும் யாருக்குய்யா போன் போட்டீங்க?" என்றார் லைன்காரர்.

மாமனாரின் கை போனை மூடியது.

லைன்காரர் அதை மெல்ல வாங்கினார். ரீடயல் பட்டனை அழுத்தினார்.

ஒரு ரிங்...

"ஆம்புலன்ஸ் சர்வீஸ்! சொல்லுங்க, யாருக்கு என்ன ஆச்சு?"

சுட்டதைப் போல ரிசீவரை வைத்துவிட்டார் லைன்காரர்.

"நடிப்புன்னு தெரியும் தம்பி..." மாமனார் ஜன்னலிடம் பேசினார். "முப்பது வருஷம் தீயணைப்புல இருந்தவன். நெசமான அலறலும் இதே மாதிரிதான் இருக்கும். இந்த முட்டியை வச்சுக்கிட்டு மாடி ஏற முடியலை. கை தானா போனுக்குப் போயிடுது. அப்புறம் தொண்டை காஞ்சு இவ இருமறது தளம் வழியாக் கேட்கும். வச்சுடுவேன்."

ஊன்றுகோலைத் தடவினார்.

"ஒருநாள் இருமல் கேட்கலைன்னா?"

சொன்ன மாத்திரத்தில் அழத் தெரிந்தவள் அவள். இப்போது யாரும் சொல்லாமலே அழுதாள்.

லைன்காரர் தொண்டையைச் செருமினார். "தப்பு... என்னோடதும்தாங்க. நீங்க போனை எடுத்தா மேலே கட்டாகற மாதிரி நான்தான் ஏற்பாடு செஞ்சேன். எடுத்துடறேன். ஆனா மேலே ரெக்கார்டிங் நடக்கும்போது இந்த போன் வேலை செய்யாது."

"அந்த நேரம் பார்த்து நெசமாவே ஏதாவது ஆயிட்டா?"

அவள் நாற்காலியின் அருகில் மண்டியிட்டாள்.

"மாமா... மேலே வந்து என் எதிர்ல உக்காந்துக்குங்க. உங்க கண்ணாலயே பார்த்துக்குங்க."

பதினான்கு படிகள். ஒரு கை ஊன்றுகோலில், ஒரு கை மருமகள் தோளில். பின்னால் நாற்காலியைத் தலையில் சுமந்தபடி லைன்காரர்.

மணி மூன்று ஐம்பத்திரண்டு!

லேப்டாப்பில் பழைய புத்தியை அழித்தார். புதுப் புத்தியை ஏற்றினார்.

மூன்று ஐம்பத்தேழு!

நூலளவு பிசிறும் தப்பிவிடக்கூடாது என்று ஹெட்போனை மாட்டி, சத்தத்தைக் கடைசிவரை திருகினார்.

அன்றைய தினம் அவர் செய்த இரண்டாவது தவறு அது.

மாமனார் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டார். கண்ணை மட்டும் மருமகளிடமிருந்து எடுக்கவில்லை.

"வீ...ஈ...ஈ...ஈல்ல்ல்ல்!"

அறுபடவில்லை! ஒன்பது விநாடி! முழு அலறல்!

"ஓ.கே.!" ஸ்பீக்கர் துள்ளியது. "கச்சிதமா செத்தீங்கம்மா! நாளையிலேர்ந்து வசனம்!"

அவள் சிரிப்பதற்குள்...

வாசலில் சைரன்!

தடதடவென்று காலடிகள். ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் உள்ளே பாய்ந்தார்கள்.

"இந்த நம்பர்லேர்ந்து ஆறு கால்! அஞ்சு ஒரே ரிங்ல கட்டாயிடுச்சு. ஆறாவதுல வெறும் மூச்சுச் சத்தம்! எங்க ஸ்க்ரீன்ல எல்லாம் தெரியும். பேஷண்ட் யாரு?"

மாமனாரும் மருமகளும் ஒரே நேரத்தில் கண்ணாலேயே தரையைக் காட்டினார்கள்.

காதில் ஹெட்போனோடு, மல்லாக்க, அசட்டுச் சிரிப்போடு கிடந்தார் லைன்காரர்.

"என்னாச்சு இவருக்கு?"

மாமனார் காதிலிருந்து விரலை எடுத்தார்.

"லைன் நல்லாத்தாங்க இருக்கு. லைன்காரருக்குத்தான்... ரெண்டு பாதையும் அவுட்!"