பதினைந்து பாகைச் சாய்வு

ஆகஸ்ட் 9, 2051, புதன்.

நேற்றைய வீட்டுப்பாடத்தில் ஒரு தவறு செய்துவிட்டேன். மின்கலத்தை நசுக்கினால் என்ன ஆகும் என்று திரையில் காட்டும் நசுக்குநிகரியில் அழுத்துகோலின் சாய்வு சைபர் என்று இருக்க வேண்டும். பழகிப் பார்த்தபோது போட்ட பதினைந்து பாகை அப்படியே கிடந்தது. கவனிக்காமல் ஓட்டிவிட்டேன்.

இரண்டு மில்லிமீட்டர் பள்ளத்திலேயே மின்கலம் தீப்பிடித்தது. திரையில்தான். உள்ளே சுருண்டிருக்கும் தகடுகளுக்கு நடுவிலுள்ள பிரிப்புத்தாள் கிழிந்து, தகடுகள் தொட்டுக்கொண்டன. இதே கலம் ஆறு மில்லிமீட்டர் வரை தாங்கும் என்கிறது பாடம். வேறு எங்காவது தவறியிருப்பேன் என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். சாய்வைத் தவிர எதுவும் மாறவில்லை.

மாலை வகுப்பில் செலஸ்டின் சாரிடம் காட்டினேன்.

"சைபர் போடும்மா. மேல, பக்கம், முனை. மூணு அழுத்தமும் நேராத்தான். சட்டத்துல அவ்வளவுதான்."

"சாஞ்சு அழுத்தினா என்ன சார் ஆகும்?"

"யாரும் கேட்டதில்ல." திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா நிகரி சாய்வுல சரியாச் சொல்லுதான்னும் தெரியாதே. நிஜமா ஒண்ணை நசுக்கினாத்தான் தெரியும். பட்டறையில பழைய கை அழுத்தி கிடக்கு. நாளைக்கு வா."

நச்சுப்புகைக்குப் பயந்து நிஜக் கலங்களை நசுக்குவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. இன்று நிகரி வைத்ததுதான் தீர்ப்பு. கலங்களை வடிவமைப்பதும் அதுவே. லட்சம் வடிவங்களை நசுக்கிப் பார்த்து, மூன்று அழுத்தங்களும் விழும் இடங்களைத் தடிப்பாக்குகிறது. எடை கூடாதிருக்க மற்ற இடங்களைச் சுரண்டிவிடுகிறது. அது பொய் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சேந்தன் அண்ணனின் ஷேர் ஆட்டோதான் நினைவில். அதிலும் இதே வகைக் கலம்தான். போன வாரம் கலம் இருக்கும் அடிப்பக்கம் சாலைநடுக் கல்லில் இடித்தது. சோதனைக் கூடத்தில் பள்ளத்தின் ஆழத்தை அளந்து, நேரழுத்தமாகக் கணக்கிட்டு, பச்சை முத்திரை குத்தினார்கள்.

"நாளைக்கு வண்டிய எடுக்காதண்ணா."

"ஏன்? அதான் பச்சை குத்திட்டான்ல?"

"பள்ளம் மூணு மில்லி. கல்லு சாய்வா ஏறியிருக்கு. சாய்வுல ரெண்டுலயே கிழியுது."

"நீ வீட்டுப்பாடம் தப்பாப் போட்டா என் வண்டி நிக்கணுமா? காலைல பத்து பேரு காத்துக்கிட்டிருப்பாங்கடி."

"அந்தப் பத்து பேரும் அதுக்கு மேலதான் உக்காருவாங்க."

திரையில் ஓட்டிக் காட்டினேன். சேந்தன் அண்ணன் இரண்டாம் முறையும் பார்த்தான்.

"அட, இது என்னை மாதிரிதான். முக்கிய வினா மட்டும் படிச்சுப் பாஸாயிருக்கு." சாவியை ஆணியில் மாட்டினான். "சரி, அந்தப் பதினஞ்சையும் சட்டத்துல சேக்கச் சொல்லு. முடிஞ்சுது."

நானும் அப்படித்தான் நினைத்தேன். பதினைந்தை நான்காம் அழுத்தமாகக் கொடுத்து, புதிய கலம் ஒன்றை வடிவமைக்கச் சொன்னேன். சாப்பிட்டு வருவதற்குள் தந்துவிட்டது. பதினைந்தில் அசையவே இல்லை. இருபத்தைந்தில் அழுத்தினேன். ஒரு மில்லிமீட்டரிலேயே கிழிந்தது.

கேட்கும் இடத்துக்கு வேண்டிய பலத்தை, கேட்காத இடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. எந்தக் கோணத்தை முன்கூட்டிச் சொன்னாலும் அது இன்னொரு முக்கிய வினாவாகிவிடும். அப்படியானால் கேள்வித்தாளை யாருக்கும் முன்பே காட்டக்கூடாது. இதில் பிழை இருக்கலாம். இருந்தால் நாளை தெரிந்துவிடும்.

"அண்ணா, நாளைக்கு உனக்கு ஒரு வேலை இருக்கு."

"வண்டியத்தான் பிடுங்கிட்டியே."

"தாயக்கட்டை உருட்டணும்."

"காசு வச்சா?"

நாளை செய்ய வேண்டியது: சார் தரும் கலத்தை மணல் தொட்டியில் வைத்துக் கை அழுத்தியால் நசுக்க வேண்டும். நிகரி முதலில் எல்லாக் கோணங்களுக்கும் பதிலை எழுதி வைக்கட்டும். எந்தக் கோணம் என்பதை நான் தீர்மானிக்கக் கூடாது, தாயக்கட்டையில் விழும் எண்தான் தீர்மானிக்க வேண்டும். அதன் பிறகுதான் அண்ணன் உருட்ட வேண்டும்.