வாகனம் இல்லை

கேட்டில் ஒன்றுமே இல்லை. ஆனால் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது போடுகிற அந்தப் பாட்டு மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. மத்தியானம் ஒன்றரை மணி. ஹெப்பாள் தொழிற்பேட்டையின் வெயில் சிமென்ட் தளத்தில் பட்டுத் தெறிக்க, டீசல் நெடி கண்ணாடி அறைக்குள்ளும் புகுந்து ரங்கராஜின் தொண்டையில் உட்கார்ந்தது. அவர் திரையைப் பார்த்தார். கேமரா படத்தின் அடியில் பச்சை எழுத்து: வாகனம் இல்லை.

காவலாளி கெம்பையன் எட்டிப் பார்த்தார். "சார், லாரி பத்து நிமிசமா நிக்குதுங்க. கேட்டு தெறக்கவே மாட்டேங்குது."

"எங்கய்யா லாரி?"

"அதா, கண்ணு முன்னாடி!"

குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று ரங்கராஜ் முடிவு கட்டினார். கௌதள்ளி கிராமத்திலிருந்து வந்து நோட்டில் வண்டி எண் எழுதிக்கொண்டிருந்தவனுக்கு, தாம் பழக்கிய இயந்திரத்தைவிடவா கண் தெரியும்?

பழக்கிய லட்சணத்தையும் சொல்லியாக வேண்டும். எண்பதாயிரம் படங்களைக் காட்டிக் காட்டித்தான் அது வண்டிகளை அடையாளம் கண்டு கேட்டைத் திறக்கக் கற்றது. கன்னட எண் எழுதிய பலகைகளில் மட்டும் ஆறும் ஒன்பதும் ஒன்றுபோலத் தெரிந்து தடுமாறியது. அதன் துல்லிய மதிப்பெண் சரிந்தது. மேதாவி சும்மா இருப்பாரா? அந்தப் படங்களுக்கெல்லாம் 'வாகனம் இல்லை' என்று குறித்துவிட்டால் தீர்ந்தது! காலேஜ் விடுமுறையில் இருந்த மகள் மானஸாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அப்பாவும் பெண்ணும் மாற்றி மாற்றிக் கிளிக் செய்து, ஒரே வாரத்தில் நாலாயிரம் வண்டிகளை இல்லாமல் ஆக்கினார்கள். அதற்குப் பாராட்டுக் கடிதம் வேறு வந்தது.

போன் அடித்தது.

"அப்பா, சாப்பாடு எடுத்துண்டு வந்துட்டேன். கார்னர்ல நிக்கறேன், கேட் தெறக்கச் சொல்லுங்கோ."

கான்டீன் சோறு ஐயாவுக்கு ஆகாது, ஆத்துச் சாத்தமுதுதான் வேண்டும். ஸ்கூட்டர் ஓட்டிப் பழகி இரண்டே வாரம் ஆன பெண்ணை அதற்காக இந்த லாரிச் சாலையில் வரவழைத்திருந்தார்.

கேட்டுக்கு வெளியே வந்தார். பாட்டு காதை அடைத்தது. எதிரே வெறும் ரோடு. கெம்பையன் மூக்கை உடைக்கலாம் என்று, கையை நீட்டியபடி நேரே நடந்தார்.

உள்ளங்கை சுட்டது.

இரும்பு. அதிர்கிற இரும்பு. கையை இழுத்துப் பார்த்தார். கிரீஸ் அப்பியிருந்தது. மறுபடி வெற்றிடத்தைத் தடவினார். போல்ட். சங்கிலி. ஒரு தகடு. அதில் தடித்த பெயின்ட். விரலால் படித்தார். சுழி சுழியாகக் கன்னட எண். ஆறா? ஒன்பதா?



முனையில் ஸ்கூட்டர் திரும்பியது. மானஸா கையை ஆட்டினாள்.

பாட்டு நின்றது.

"டிரைவரு கிளப்பறானுங்க!" கெம்பையன் சாலையை நோக்கி ஓடினார். "அம்மணி, நில்லுங்க! லாரி! லாரி!"

அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். அவளுக்கும் ரோடு காலிதான். படுபாவி, அவள் கண்ணையும் இவரே அல்லவா கெடுத்திருக்கிறார்!

"வராதேடி! நில்லு!"

உறுமல். சூடான புகை முகத்தில் அடித்தது. குரல் அதில் அமுங்கியது.

ஒரு சத்தம்.

நடுரோட்டில், எதுவுமே தொடாமல், ஸ்கூட்டர் தகரமாக நசுங்கியது. மானஸாவைக் காணோம். ரோட்டில் இல்லை. ஓரத்தில் இல்லை. எங்குமே இல்லை. இல்லை என்று அவர் குறித்த வண்டி அடித்தவளும் அவர் கண்ணுக்கு இல்லாமல் போனாளா?

"மானஸா!"

கெம்பையன் மண்டியிட்டுக் குனிந்து, எதையோ வாரி எடுத்தார். பாரம் தாங்காமல் தோள்கள் நடுங்க, திரும்பி ரங்கராஜிடம் வந்தார். முகமெல்லாம் கண்ணீர்.

"உசிரு இருக்குதுங்க சார். உங்களத்தான் கூப்புடுது. புடிங்க."

நீட்டிய இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ரத்தம் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.