படத்துக்குள் வராத மருமகள்

எவர்சில்வர் டம்ளர் மேஜைமேல் வந்து இறங்கிய சத்தத்திலேயே சுடலைமுத்துவுக்குப் புரிந்துவிட்டது, மனைவி கோபமாக இருக்கிறாள் என்று.

"ஏம் புள்ள, என்னாச்சு?"

சசிரேகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே ஜெகதளா மலைக்கிராமத்தின் தேயிலைச் சரிவு முழுக்கப் பனிமூட்டம். யாரோ எழுத உட்கார்ந்து, மனம் வராமல் எழுந்துபோன பக்கம் மாதிரி வெள்ளையாக இருந்தது.

வீட்டின் கீழ்த்தளத்தில்தான் அவர்களுடைய வர்க்கி பேக்கரி. கடித்தால் அடுக்கடுக்காய் உதிரும் அந்த வர்க்கியை, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விறகு அடுப்பின் சூட்டில் நின்று சுடுகிறவள் சசிரேகாதான். அதை வெளியூர்க்காரர்களுக்கும் விற்க, கொழுந்தன் ரவிச்சந்திரனின் மனைவி மாலதி இணையத்தில் ஒரு கடை கட்டியிருந்தாள். இன்று காலை அதற்குத் திறப்பு.

விடியும்போதே அதன் இணைப்பை எல்லோர் செல்போனுக்கும் அனுப்பிவைத்திருந்தாள் மாலதி. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு ஆசையாகத் திறந்தாள் சசிரேகா. முகப்பில் குடும்பப் படம். பட்டுப்புடவையில் மாமியார் ஆயம்மாள், பக்கத்தில் சுடலைமுத்து, ரவிச்சந்திரன், மாலதி... அப்புறம் ஒரு முழங்கை. வெறும் முழங்கை!

அது அவளுடையது.

"நான் கோத்தகிரிக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போறேனுங்க" என்றாள் திடீரென்று. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "என்னைய வெட்டிட்டு நீங்கெல்லாம் நல்லா இருங்க!"

"யாரு வெட்டுனா?" என்று பதறி எழுந்தான் சுடலைமுத்து.

"உங்க தம்பி பொண்டாட்டியக் கேளுங்க! வர்க்கி சுட நான் வேணும்... படத்துல நிக்க மட்டும் ஆகாதா?"

சத்தம் கேட்டு மாலதி மடிக்கணினியோடு ஓடி வந்தாள். பின்னாலேயே ரவிச்சந்திரனும் ஆயம்மாளும்.

"அக்கா... என்னங்கக்கா சொல்றீங்க? உங்களையா நான் வெட்டுவேன்?" மாலதி மடிக்கணினியைத் திறந்தாள். "கடைப் பக்கத்தோட அலங்காரத்துக்கு முதல்ல கறுப்புத் தீம் போட்டேன். வர்க்கி கருகுன மாதிரி இருக்குன்னு நீங்க சொன்னீங்க, எடுத்துட்டேன். ரோஸ் கலர் போட்டேன். வளையல் கடை மாதிரி இருக்குன்னீங்க, அதையும் எடுத்துட்டேன். இந்தத் தீமே நீங்க தலையாட்டுனதுக்கப்புறம் வெச்சதுதானுங்கக்கா!"

"அப்ப இது என்ன?" செல்போனை நீட்டினாள் சசிரேகா.

மாலதி பார்த்தாள். தன் மடிக்கணினியைப் பார்த்தாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ... நான் இத்தனை நாளும் இதுலயேதான் பாத்துட்டிருந்தேன்!"

அகலத் திரையில் சசிரேகா முழுசாக நின்றுகொண்டிருந்தாள், மூக்கில் மாவோடு. படம் எடுத்த அன்றைக்கு அடுப்படியிலிருந்து கடைசியாக ஓடி வந்து ஓரத்தில் நின்றவள். செல்போன் திரை ஒடுக்கம் என்பதால், தீம் தானாகவே படத்தின் அந்த ஓரத்தை நறுக்கிவிட்டிருந்தது.

சசிரேகாவின் கோபம் நிற்க இடமில்லாமல் தடுமாறியது. "அப்ப... நீ வெட்டலையா?"

"சத்தியமா இல்லீங்கக்கா. இருங்க, நகர்த்தறேன்."

மாலதி படத்தை இழுத்தாள். செல்போனில் சசிரேகா உள்ளே வந்தாள். இந்தப் பக்கம் ஆயம்மாள் வெளியே போனாள். பட்டுப்புடவையின் ஜரிகை ஒரு விரல் அகலத்துக்கு மிஞ்சியது.

அந்தப் படத்துக்காக ஆயம்மாள் முந்தின நாளே தலைக்குக் குளித்து, மூக்குத்தியைப் பாலிஷ் போட்டு வாங்கி வந்தது எல்லோருக்கும் தெரியும்.

கிழவி செல்போனை வாங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இப்படியே வெச்சிரு சாமி" என்றாள்.

"அத்தை!" என்றாள் மாலதி.

"என்ன அத்தை? வெந்து சாவறது அவ. என்ற மூஞ்சியப் பாத்தா எவன் வர்க்கி வாங்குவான்? வாங்க வந்தவனும் ஓடிருவான்!" சிரிக்கத்தான் பார்த்தாள். குரல் கம்மிவிட்டது. "நானே சொல்லியிருக்கோணும்... நடுவுல வந்து நில்லு புள்ளன்னு. வாயே வரல எனக்கு."

சசிரேகா பாய்ந்து மாமியாரைக் கட்டிக்கொண்டாள். "நீங்க இல்லாத கடை எதுக்குங்கத்தை? நான் பாவி... மாலதிய என்னென்னமோ பேசிட்டேன்..." மாலதியையும் இன்னொரு கையால் இழுத்துக்கொண்டாள். மூவரும் அழுத அழுகையில் மடிக்கணினி கீழே விழப்பார்த்தது. ரவிச்சந்திரன் அதைத் தாவிப் பிடித்தான்.

"அழுது முடிச்சாச்சுங்களா? அப்ப யாரைத்தான் போடறது?"

சசிரேகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். "படம் எதுக்கு அகலமா இருக்கோணும்? ரோட்டுலருந்து நம்ம ஊட்டுக்கு இறங்கற படிக்கட்டுல, படிக்கு ஒருத்தரா நின்னா?"

மாலதி துள்ளினாள். "உசரமான படம்! செல்லுக்குன்னு தனியாப் படம் போட இந்தத் தீம்ல இடம் இருக்குதுங்கக்கா!"

மலைக்காரர்கள் ஒருவர் தலைக்குமேல் ஒருவர் வீடு கட்டி வாழ்கிறவர்கள். ஒருவர் தலைக்குமேல் ஒருவர் நிற்பதா கஷ்டம்? மேல்வீட்டு ரஞ்சனியிடம் செல்போனைக் கொடுத்தார்கள். முட்டிவலிக்காரி ஆயம்மாள் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள், மூக்குத்தி தெரியும்படி முகத்தைத் திருப்பி. நடுப்படியை விரலால் காட்டினாள். "சசி, நீ அங்க."

"ஆரும் கண்ணச் சிமிட்டாதீங்க!" என்றாள் ரஞ்சனி. க்ளிக்.

அதே நேரம் அடுப்படியிலிருந்து கருகல் வாடை வந்தது. "ஐயோ, என் தட்டு!" என்று காலை எடுத்து வைத்தாள் சசிரேகா. ஆயம்மாள் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"நில்லு புள்ள. இன்னும் ரெண்டு எடுக்கட்டும். டேய் சுடலை, நீ போய் எடுடா தட்ட!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான் சுடலைமுத்து. சசிரேகா நடுப்படியிலேயே நின்று, மூக்கைத் துடைத்துக்கொண்டு, ரஞ்சனியைப் பார்த்துச் சிரித்தாள்.