கைபடாத தாய்மாவு

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐந்தே பேர். வீட்டுக்காரர் சவரிராயன், மனைவி லூர்தம்மாள், மகள் பிரகாசி. எதிரே மாப்பிள்ளைப் பையன் லாசர், அவனைப் பெற்ற அமலோற்பவம். நடுவே மேசைமேல் தாய்மாவுக் கலயம். அதன் பக்கத்தில் கைவாசிப்பான்.

கோதுமை மனித வயிற்றுக்கு ஆகாமல் போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. கேழ்வரகிலும் சாமையிலும் கோதுமையின் பசை கிடையாது. ரொட்டி பொங்க வேண்டுமென்றால் வீட்டிலேயே வளர்க்கும் புளிப்பான தாய்மாவுதான் கதி. மாவையும் தண்ணீரையும் கலந்து துணியால் மூடி, தினமும் பாதியை எடுத்துவிட்டுப் புது மாவு ஊட்ட வேண்டும். முதலில் நாறும், பிறகு தூங்கும், பொறுத்தவருக்கே நுரைக்கும். தூத்துக்குடியில் கலயம் இல்லாத வீடு கிடையாது.

ஊட்டுகிறவரின் கையிலுள்ள நுண்ணுயிர்கள் மாவில் குடியேறிவிடும். யார் யார் கை அங்கே வாழ்கிறது என்று கைவாசிப்பான் முகர்ந்து சொல்லிவிடும். அந்தக் கருவி வந்தபின் சம்பந்தம் பேசுகிறவர்கள் நகையையும் நிலத்தையும் விட்டுவிட்டுக் கலயம் பார்க்கத் தொடங்கினார்கள். வீட்டுத் தலைவரின் கை இல்லாவிட்டால் அது விலைக்கு வாங்கிய கலயம். அந்த வீட்டில் பெண் எடுப்பார் இல்லை.

சவரிராயனுக்கு அந்தக் கவலை எள்ளளவும் இல்லை. அவருடைய பாட்டனார் தொடங்கிய மாவு. காலைதோறும் அவரே ஊட்டுவது.

“வேத்து மனுசன் நெழல் படாத மாவு, சம்பந்தி. வாசிங்க” என்றார்.

விருந்தாளிகள் வந்தவுடனே, யார் கை எது என்று கருவி அறிவதற்காக, ஐவரும் அதன் தட்டில் விரல் பதித்திருந்தார்கள். அமலோற்பவம் குழலைக் கலயத்துக்குள் இறக்கினார். கருவி சொன்னது:

“லூர்தம்மாள். பிரகாசி. லாசர். வேறு எவரும் இல்லை.”

லூர்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா, பயமா என்று தெரியவில்லை.

“என்னல இது?” சவரிராயன் லாசரைப் பார்த்து உறுமினார். “என் வீட்டு மாவுல ஒன் கை எப்படில வந்துச்சு?”

லாசர் பிரகாசியைப் பார்த்தான். பிரகாசி உத்தரத்தைப் பார்த்தாள்.

“நீங்க ஜெபமாலைக்குக் கோயிலுக்குப் போற நேரம் வந்து பெசஞ்சு குடுப்பாருப்பா. அவருக்குக் கை சூடு. மாவு நல்லா பொங்குது.”

“பொங்கும், பொங்கும்! அது கெடக்கட்டும். என் பேரு எங்க?”

மறுபடி வாசித்தார்கள். அதே மூன்று பெயர்.

“நீங்க எப்பங்க கையால தொட்டிருக்கீக?” என்றார் லூர்தம்மாள். “மருந்துத் தண்ணில கையக் கழுவி, மரக்கரண்டியால எட்டி நின்னுல்லா ஊட்டுவீக. கைபட்டா குடும்ப மாவு கெட்டுரும்னு எங்களையும் வைவீக!”

சுத்தமே கௌரவம் என்று சவரிராயன் நினைத்திருந்தார். காய்ச்சலில் கிடந்தபோதும் எழுந்து வந்து ஊட்டியிருக்கிறார். அதெல்லாம் கருவிக்குத் தெரியாது. தோல் பட்டதுதான் அதற்குக் கணக்கு. பாட்டனாரின் மாவை நாளைக்குத் தெருவே விலைக்கு வாங்கியது என்னும். மகளின் கல்யாணம் நிற்கும். நிறுத்தியவர் அவராகவே இருப்பார்.

முதுகு வளையாமல் அமலோற்பவத்தைப் பார்த்தார்.

“நீங்க எந்திரிச்சுப் போனாலும் நான் கொற சொல்ல மாட்டேன்.”

“எங்க போக?” அமலோற்பவம் சிரித்துவிட்டார். “எம் மவன் ஒங்க வீட்டு ஆளாயி எத்தன மாசமோ! கருவியே சொல்லுதே. நீங்கதான் அண்ணாச்சி இன்னும் வெளிய நிக்கீக. உள்ள வாங்க.”

கலயத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

சவரிராயன் சட்டைக் கையை நிதானமாகச் சுருட்டினார்.

செய்தி பரவியதும் ஊரில் மரக்கரண்டிகள் பரணுக்குப் போயின. மாவு பிசைந்து தருகிறேன் என்று பெண் இருக்கும் வீடுகளில் பையன்கள் முண்டியடித்தார்கள். வெளியாளைக் காட்டிக்கொடுக்க வந்த கருவி, வெளியாள் உள்ளே நுழைய வழி சொல்லிக் கொடுத்துவிட்டது.

கல்யாணத்தன்று இரு வீட்டு மாவையும் ஒன்றாகக் கலக்கும்போது சவரிராயன் ஒற்றை விரலைத்தான் விட்டார் என்று கடற்கரைப் பக்கம் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். முழங்கை வரை விட்டார்.